தாயும் பிள்ளையும் ஒரே பாயில்

சம்பளச் சீட்டு கைக்கு வந்த அன்று மாலை நம் தோட்ட வீடுகளில் நடக்கும் காட்சி வாசகர்களுக்குப் புதிதல்ல. பால்மரம் வெட்டிக் களைத்து வந்த தாய், பள்ளிக்கூடம் போய்வந்த மகனைக் கூப்பிட்டு, “இந்தா தம்பி, இதிலே என்ன போட்டிருக்குன்னு படி” என்கிறாள். பையன் எழுத்துக் கூட்டிப் படிக்கிறான். “டி.ஆர்.சி. முப்பத்திரண்டு” என்கிறான். அது என்னவென்று அவனுக்குத் தெரியாது. தாய்க்கு அது தெரியும். பாலில் தண்ணீர் போக எவ்வளவு ரப்பர் தேறும் என்பதும், மழை நாளில் பால் நீர்த்துப் போகும் என்பதும் அவள் இருபது வருஷமாக வாளி தூக்கி அறிந்தவை. ஆனால், சீட்டில் எந்த எண் எதைக் குறிக்கிறது என்று கண்டுபிடிக்க அவளுக்கு எழுத்துத் தெரியாது.

பிள்ளையிடம் எழுத்து இருக்கிறது, விஷயம் இல்லை. தாயிடம் விஷயம் இருக்கிறது, எழுத்து இல்லை. இரண்டும் ஒரே கூரையின் கீழ் இருந்தும் ஒன்று சேரவில்லை. இந்த இடைவெளி வழியாகத்தான் நம் கூலி ஒழுகிப் போகிறது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு நாளில் 20 கிலோ பால் எடுத்த தொழிலாளிக்கு நூற்றுக்கு 35 என்று பதிந்தால் 7 கிலோ ரப்பர். அதே பாலுக்கு 32 என்று பதிந்தால் 6.4 கிலோதான். ஒரு நாளைக்கு 600 கிராம் வித்தியாசம். 25 நாள் வேலைக்கு 15 கிலோ! தவறு வேண்டுமென்றே நடக்கிறது என்று நாம் கூறவில்லை. தவறு நடந்தால் கேட்பதற்கு, முதலில் அது கண்ணில் பட வேண்டும் அல்லவா?

கைநாட்டுக் காலம் போய்விட்டது என்று சிலர் மகிழ்கிறார்கள். போகவில்லை, வேஷம் மாறியிருக்கிறது. அன்று மைப்பெட்டியில் விரலை அழுத்தினோம். இன்று சம்பளம் வங்கிக்குப் போகிறது. வங்கி அட்டையோடு இரகசிய எண்ணையும் சேர்த்துப் பிறர் கையில் கொடுக்கிறோம். அட்டையை வட்டிக்காரனிடம் அடகு வைத்துவிட்டு, மாதா மாதம் அவன் எடுத்தது போக மிச்சத்தை வாங்கி வருகிறவர்களும் நம்மிடையே உண்டு. தவணைக் கடனுக்கு ஜாமீன் என்று தெரியாமலே கையெழுத்துப் போட்டவர்களும் உண்டு. பிறப்பைப் பதியாமல் விட்டதால், பன்னிரண்டு வயதில் அடையாள அட்டை எடுக்க முடியாமல் நிற்கும் பிள்ளைகளின் கதை தோட்டத்துக்குத் தோட்டம் கேட்கிறது. இவை எல்லாவற்றிற்கும் வேர் ஒன்றே: வீட்டிற்குள் எழுத்து வந்து சேரவில்லை.

பள்ளிக்கூடம் இல்லாமலா போயிற்று? பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளிக்கூடம் நடத்த வேண்டும் என்று 1923-ம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் கூறியது. கொட்டகையில் பள்ளி எழுந்தது. பல இடங்களில் கங்காணியோ கிராணியோதான் வாத்தியார். 1961-ல் அரசாங்கம் முதியோர் கல்வி வகுப்புகளைத் தொடங்கியது. அந்தப் பகுதியே பின்னாளில் கெமாஸ் என்று வளர்ந்து, சிறுவர்களுக்குப் பாலர் பள்ளிகளையும் நடத்துகிறது. ஆக, பிள்ளைக்கு ஒரு பள்ளி, பெரியவருக்கு ஒரு வகுப்பு. இரண்டும் நல்லவையே. ஆனால் தாயும் பிள்ளையும் ஒரே புத்தகத்தைப் பார்த்து உட்காரும் இடத்தை எவரும் அமைக்கவில்லை.

முதியோர் இரவு வகுப்புகள் ஏன் நிலைப்பதில்லை என்பது நாமறிந்ததே. முதல் வாரம் முப்பது பேர். இரண்டாம் மாதம் ஐந்து பேர். பிள்ளையை யாரிடம் விட்டு வருவது? அடுப்பை யார் பார்ப்பது? ‘அ’ எழுதத் தெரியாமல் ஊரார் முன் எப்படி உட்காருவது? பிள்ளையையும் கையில் பிடித்துக்கொண்டு வரச் சொன்னால், முதல் கேள்வி அங்கேயே தீர்கிறது. மூன்றாவது கேள்வியும் பாதி தீர்கிறது. பிள்ளைக்காக வந்தேன் என்று சொல்லிக்கொண்டு உள்ளே நுழைவதில் எந்தத் தாய்க்கும் வெட்கமில்லை.

இது கனவன்று. அமெரிக்காவின் கெண்டக்கி மாநிலத்தில், உயர்நிலைப் படிப்பை முடிக்காத பெற்றோரையும் அவர்களுடைய மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகளையும் ஒரே பள்ளிக்கு வரவழைத்துக் கற்பிக்கும் திட்டம் 1986-ல் தொடங்கப்பட்டது. பெற்றோர் தம் பாடத்தைப் படிப்பார்கள். பிள்ளைகள் தம் வகுப்பில் இருப்பார்கள். பிறகு இருவரும் கூடி விளையாடிக் கற்பார்கள். துருக்கி நாட்டு இஸ்தான்புல் நகரின் ஏழைப் பகுதிகளில் 1982-ல் ஓர் ஆராய்ச்சி தொடங்கிற்று. அந்தத் தாய்மாரில் தொழிற்சாலையில் வேலை செய்கிறவர்களும் இருந்தனர். பிள்ளையோடு எப்படிப் பேசுவது, எப்படிக் கதை சொல்லிக் கேள்வி கேட்பது என்று அவர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். பல ஆண்டு கழித்துப் போய்ப் பார்த்தபோது, பயிற்சி பெற்ற தாய்மாரின் பிள்ளைகளில் நூற்றுக்கு 86 பேர் இன்னும் படித்துக்கொண்டிருந்தனர். பயிற்சி பெறாதவர்களின் பிள்ளைகளில் 67 பேர்தான். பாட்டாளித் தாய் உட்கார்ந்தால் பிள்ளை நிலைக்கிறான் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

நம் தோட்டங்களில் இதை எப்படிச் செய்வது? இடத்துக்கு அலைய வேண்டியதில்லை. ஆயாக் கொட்டகை போதும். வாரத்தில் இரண்டு மாலை, ஐந்து மணிக்கு ஒன்றரை மணி நேரம். முதல் பாதியில் பெரியவர்கள் தங்கள் பெயர், சம்பளச் சீட்டு, சேமநிதி, சொக்சோ பாரம் இவற்றைப் படிக்கட்டும். அந்நேரம் பிள்ளைகளுக்கு இளைஞர்கள் கதை சொல்லட்டும்; ரப்பர்க் கொட்டைகளைக் கொடுத்து எண்ணக் கற்றுத் தரட்டும். மறு பாதியில் தாயும் தந்தையும் பிள்ளையும் ஒரே பாயில் உட்காரட்டும். தாய் தனக்குத் தெரிந்த கதையை, விடுகதையைச் சொல்ல, எழுதத் தெரிந்த ஒருவர் அதை அப்படியே எழுதட்டும். தன் வாயால் சொன்னதைத் தாயே தாளில் வாசிக்கட்டும். பிள்ளையும் கூட வாசிக்கட்டும். முதலில் தாய்மொழி, அது கைவந்த பின் பாரங்களைப் படிக்க மலாய்.

“படித்தால் தோட்ட வேலைக்கு ஆள் வராது” என்று முணுமுணுக்கும் நிர்வாகத்தாருக்கு ஒரு வார்த்தை. படிப்பில்லாததால் மட்டுமே ஒருவன் தங்குகிற வேலை என்றால், திருத்த வேண்டியது அந்த வேலையை, படிப்பை அல்ல.

ஆகவே நாம் வேண்டுவன மூன்று. முதலாவது, நிர்வாகத்தார் ஆயாக் கொட்டகையை மாலையில் திறந்து விளக்குப் போட்டுத் தரவேண்டும். குழந்தைக் காப்பகத்தைப் பற்றி 1990-ம் ஆண்டுத் தொழிலாளர் வீட்டு வசதிச் சட்டமே பேசுகிறது. பகலில் பிள்ளை தூங்கும் இடத்தில் மாலையில் தாய் படித்தால் கட்டடம் தேய்ந்துவிடாது. இரண்டாவது, கிளைத் தலைவர்கள் இதைக் கூட்டத்தில் பேசிவிட்டு மறந்துவிடாமல், சம்பளக் கோரிக்கையோடு சேர்த்து எழுதி நிர்வாகத்திடம் கொடுக்க வேண்டும். மூன்றாவது கோரிக்கை கிராணிமாராகிய நமக்கு.

உண்மையை ஒளிக்காமல் பேசுவோம். எழுதத் தெரியாதவர் நம் மேசை முன் நின்று, “ஐயா, இதைக் கொஞ்சம் பாருங்க” என்று கேட்கும்போது நமக்கு உள்ளூர ஒரு பெருமை. நாலு பேருக்கு மனு எழுதிக் கொடுத்தே பெரிய மனிதராகிவிட்டோம். அவர்களே எழுதக் கற்றுக்கொண்டால் நம் நாற்காலி சிறுத்துவிடுமோ என்ற அச்சம் நம்மில் சிலருக்கு உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. அந்தப் பெருமையை விட்டுவிட வேண்டும். அன்று கொட்டகைப் பள்ளியில் கிராணி வாத்தியாராக நின்றதுண்டு, இன்றும் நிற்கலாம். வாரத்துக்கு மூன்று மணி நேரம் நம்மால் முடியாததன்று.

தந்தைமாருக்கும் ஒரு சொல். மாலை ஐந்து மணிக்குத் தாங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று நாம் கேட்கப் போவதில்லை. பிள்ளை கேட்பான். பாயில் அப்பாவின் இடம் காலியாக இருந்தால், படிப்பு பெண்டுகளின் வேலை என்று அவன் முடிவு கட்டிவிடுவான்.

தோழர்களே! அடுத்த சம்பளச் சீட்டு வரும்போது பையனிடம் கொடுத்துப் படிக்கச் சொல்வதோடு நிறுத்தாதீர்கள். பக்கத்தில் உட்காருங்கள். அவன் எழுத்தைக் காட்டட்டும். நீங்கள் பாலின் கணக்கைச் சொல்லுங்கள். மறுநாள் ஆபீஸுக்குச் சீட்டும் கையுமாக வாருங்கள். கணக்குச் சரியாக இருந்தால் மகிழ்வோம். சரியில்லையென்றால், கேட்பதற்கு இனி வீட்டுக்கு இரண்டு பேர் இருப்பீர்கள்.