'சமஸ்கிருத கிராமத்தில்' எவரும் கேட்காத மொழி

சிவமொக்காவுக்கு அருகே, துங்கை ஆற்றங்கரையில் உள்ள மத்தூரைப் பற்றி ஒரே செய்தி சற்றே உருமாறி மீண்டும் மீண்டும் வெளிவருகிறது: 'ஊரே சமஸ்கிருதம் பேசுகிறது.' ஒரு சாரார் வியந்து பகிர்கின்றனர். மறு சாரார் நம்ப மறுத்து எள்ளுகின்றனர். இரு சாராரின் வினாவும் ஒன்றே: அங்கே சமஸ்கிருதம் பேசுகிறார்களா, இல்லையா? மொழியியல் பயின்றவர்கள்கூட இவ்வினாவோடு நின்றுவிடுவதுதான் வியப்பு. அவ்வூரில் ஒரு தாய் தன் குழந்தையை எம்மொழியில் கடிந்துகொள்கிறாள் என்று எவரும் கேட்பதில்லை.

அம்மொழி சங்கேதி. மத்தூரிலும், ஆற்றின் எதிர்க்கரையில் கமகக் கலைக்குப் பெயர்பெற்ற ஹொசஹள்ளியிலும் வாழும் பெரும்பான்மைக் குடும்பங்களின் வீட்டுமொழி அது. செங்கோட்டைப் பகுதியிலிருந்து பல நூற்றாண்டுகளுக்கு முன் புறப்பட்டு வந்தோர் என்று அச்சமூகம் தன் வரலாற்றைச் சொல்கிறது. தமிழோடும் மலையாளத்தோடும் உறவுடைய அம்மொழி, கன்னடத்தோடு நெடுங்காலம் கலந்து, இரண்டிலும் அடங்காத தனி உருப்பெற்றிருக்கிறது. எழுதவேண்டின் கன்னட எழுத்தில் எழுதுகின்றனர்.

சமஸ்கிருதக் கல்விக்கு அவ்வூர் எடுத்த முயற்சியை நான் குறைத்து மதிக்கவில்லை. அது உண்மையான உழைப்பு. ஆயினும் மத்தூர் ஒரு வேளாண் கிராமம். கமுகு அதன் வாழ்வு. இளங்காயைப் பறித்து, உரித்து, வேகவைத்து, சாயமேற்றி, உலர்த்தித் தரம் பிரிப்பது வரை அத்தொழிலுக்குத் தனிச் சொற்றொகுதி உண்டு. சிவமொக்கா சந்தையில் ராசி, பெட்டெ, சரகு, கொரபலு என்று தரத்துக்குத் தரம் விலை கூறுகிறார்கள். அவை சந்தையின் கன்னடச் சொற்கள். தோட்டத்திலும் களத்திலும் அடுக்களையிலும் இவற்றோடு எந்தச் சங்கேதிச் சொற்கள் புழங்குகின்றன, எவை மறைந்துவிட்டன? மரமேறும் கூலித் தொழிலாளரோடு நிலவுடைமையாளர் எம்மொழிக்கு மாறுகிறார்? அந்த மாற்றத்தில் சாதி எவ்வாறு செயல்படுகிறது? ஆய்வுக்குரிய வினாக்கள் இவை. ஒளிப்படக் கருவியோடு வருவோருக்கு இவற்றில் ஆர்வமில்லை. நமக்கும் இல்லையென்றால் நம் துறை எதற்கு?

கணக்கெடுப்பையும் பாருங்கள். 2011இல் சமஸ்கிருதத்தைத் தாய்மொழியாகக் குறித்தோர் 24,821 பேர் என்பது அனைவருக்கும் மனப்பாடம். அதே கணக்கெடுப்பில் 10,000 பேருக்குக் குறைவானோர் குறித்த தாய்மொழிகள் 'பிற' என்ற ஒற்றைச் சொல்லில் புதைந்தன. வெளியான பட்டியலில் சங்கேதிக்குத் தனி வரி கிடையாது. வீட்டில் பேசாத மொழிக்கு எண் உண்டு. வீட்டில் பேசும் மொழிக்கு இல்லை.

'சிறிய மொழிகளின் இயல்பான கதி இது' என்பார்கள். இல்லை, எண்ணிக்கை மட்டும் ஒரு மொழியைக் காப்பதில்லை. மிதிலையின் வயல்வெளிகளில் பேசப்படும் மைதிலி, வித்யாபதி பாடிய மொழி. 1966 முதல் சாகித்திய அகாதெமி விருது பெறும் மொழி. அதையும் 1991 கணக்கெடுப்பு இந்தியின் கீழேயே வைத்தது. 2003இல் 92ஆம் திருத்தம் அதை எட்டாம் அட்டவணையில் சேர்த்த பிறகே தனி வரி கிடைத்தது. 2011இல் அவ்வரியில் சுமார் 1.35 கோடிப் பேர். அண்டையிலுள்ள போஜ்புரியின் 5 கோடிப் பேர் இன்றும் இந்தியின் தொகைக்கே வலுச்சேர்க்கின்றனர்.

இதைக் கேட்டதும் தமிழ் நண்பர்கள் கொதிப்பார்கள், கொதிப்பது நியாயமே. ஆனால் அதே நண்பர்கள் சங்கேதியைப் பற்றிச் சொன்னால், 'அது திரிந்த தமிழ்தானே?' என்கிறார்கள். 'மைதிலி இந்தியின் வட்டார வழக்கு' என்பதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு? தமிழின் மொத்தத் தொகைக்குள்ளும் எருகலாவும் கைக்காடியும் அடங்கியிருக்கின்றன. கன்னடத்தின் தொகைக்குள் நீலகிரியின் படகு இருக்கிறது. அவற்றின் பேசுநர்களிடம் யார் கேட்டார்கள்? இந்தி செய்தால் ஆதிக்கம், தமிழ் செய்தால் குடும்ப உறவு என்பது மொழியியல் ஆகாது.

பெங்களூருவிலிருந்து சிவமொக்கா சுமார் 300 கிலோமீட்டர். இந்நகரில் திராவிட மொழியியல் படிக்கும் மாணவர்களுக்கு இது எட்டாத களமன்று. வரவிருக்கும் கணக்கெடுப்பில் தாய்மொழிக்கு எதிரே 'சங்கேதி' என்று எழுதும் உரிமை தங்களுக்கு உண்டென்று அச்சமூகத்தாரிடம் சொல்லுங்கள், முடிவு அவர்களுடையது. முதியோரின் பேச்சை அவர்கள் இசைவோடு பதிவுசெய்யுங்கள். கமுகுத் தோட்டச் சொற்களை மட்டுமேனும் தொகுத்து, அவ்வூர்ப் பள்ளியிலேயே ஒரு படி வையுங்கள்.

இனி மத்தூர் பற்றிய காணொளியைப் பகிருமுன், அதில் ஒரு சங்கேதி வாக்கியமேனும் ஒலிக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள்.