வெளியேற்ற நோட்டீஸுக்கு எந்த நீதிமன்றம்?

பந்தலூர் பக்கத்துக் குடியிருப்பு ஒன்றில், இலங்கையிலிருந்து கைக்குழந்தையோடு திரும்பிவந்த அம்மா ஒருவர் வெளியேற்ற நோட்டீஸை நீட்டிக் கேட்டார்: “இதுக்கு எந்தக் கோர்ட்டுக்குப் போகணும் தம்பி? ஆபீசுல கேட்டா, கேசு டெல்லியில இருக்கு, எங்க கையில ஒண்ணுமில்லங்கிறாங்க.”

அமெரிக்காவில் மத்திய நீதிமன்றங்கள் வேறு, மாநில நீதிமன்றங்கள் வேறு. இங்கே ஒரே ஏணிதான். மத்தியச் சட்டமானாலும் மாநிலச் சட்டமானாலும் மாவட்ட நீதிமன்றம், உயர் நீதிமன்றம், உச்ச நீதிமன்றம் என்றே ஏற வேண்டும். ஆகவே ‘டெல்லி கேசு’ என்பது சட்டம் சொல்லும் பதிலல்ல. ஆனால் கூடலூரில் அந்தப் பதிலுக்கு ஒரு வரலாறு உண்டு.

நிலம்பூர் கோவிலகத்தின் ஜென்ம நிலங்களை ஒழிக்க மாநில அரசு 1969இல் சட்டம் இயற்றியது. எதிர்த்துப் போனவை தோட்ட நிறுவனங்கள். காடுகளை அரசு எடுத்துக்கொள்வது நிலச்சீர்திருத்தம் ஆகாது என்று 1972இல் பால்மாடிஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. 1974இல் இச்சட்டம் ஒன்பதாவது அட்டவணையில் சேர்க்கப்பட்டது. அதையும் எதிர்த்த கோயல்ஹோ வழக்கில்தான், 1973 ஏப்ரல் 24க்குப் பிறகு அந்த அட்டவணையில் நுழைந்த சட்டங்களையும் நீதிமன்றம் ஆராயலாம் என்று 2007 ஜனவரி 11 அன்று ஒன்பது நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள். சட்டக் கல்லூரிகளில் இந்தத் தீர்ப்பை மனப்பாடம் செய்கிறார்கள். அது கூடலூர் மண்ணில் முளைத்த வழக்கு என்பது எத்தனை பேருக்குத் தெரியுமோ! 1995இல் அதே கோவிலகத்தைச் சேர்ந்த கோதவர்மன் திருமுல்பாடு காடழிப்புக்கு எதிராக வழக்குத் தொடுத்தார். யார் பெயரில் இருந்தாலும் அகராதிப் பொருளில் காடு என்றால் காடுதான் என்று 1996 டிசம்பரில் உத்தரவு வந்தது.

தோட்டக் குத்தகைகளைப் பற்றியது ஜென்மச் சட்டத்தின் 17ஆவது பிரிவு. அந்த ‘செக்‌ஷன் 17’ நிலத்தில்தான் அம்மாவின் வீடும் இருக்கிறது. 1964 சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தால் வந்தவர்களுக்காக அரசு டேன்டீ தோட்டங்களைத் தொடங்கியது. அங்கே வேலை கிடைக்காதவர்கள், பெரும்பாலும் தலித்துகள், கிடைத்த இடத்தில் குடிசை போட்டார்கள். கம்பெனிக்கும் அரசுக்கும் நடக்கும் வழக்கில் இவர்களை யாரும் கேட்கவில்லை. மின் இணைப்புக் கேட்டால் மட்டும் அந்த வழக்கைக் காட்டுகிறார்கள்.

2006 வன உரிமைச் சட்டமும் இவர்களுக்குக் கைகொடுப்பதில்லை. பழங்குடியினர் 2005 டிசம்பர் 13க்கு முன்பே அங்கே குடியிருந்தால் போதும். உரிமை பரிசீலனை முடியும்வரை வெளியேற்ற முடியாது. மற்றவர்கள் மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டு, காட்டைச் சார்ந்து வாழ்ந்ததைக் காட்ட வேண்டும். 1930இல் இந்த அம்மாவின் பாட்டி கண்டியில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார். பணியருக்கும் காட்டுநாயக்கருக்கும் கிடைத்ததைக் குறை சொல்லவில்லை. அதுவே இன்னும் முழுதாகக் கிடைக்கவில்லை. அதற்குள் அடங்காதவர்களுக்கு மாநில அரசு தனி வழி காண வேண்டும் என்கிறேன்.

இப்போதைக்கு வழி சென்னை உயர் நீதிமன்றம், அரசியல் சட்டத்தின் 226ஆவது பிரிவு. அதற்கு முன் நோட்டீஸுக்கு எழுத்தில் பதில் கொடுத்து ஒப்புகை வாங்க வேண்டும். எந்தச் சட்டம், எந்தப் பிரிவு, எந்த சர்வே எண் என்று கேட்க வேண்டும். உச்ச நீதிமன்ற உத்தரவுதான் காரணம் என்றால் நகல் தரட்டும். அதில் இந்த நிலம் இருந்தால் அங்கேயே நம்மையும் சேர்க்கச் சொல்லி மனுப் போடலாம். வாழ்வாதாரம் உயிர்வாழும் உரிமையின் பகுதி என்றது 1985 ஒல்கா டெல்லிஸ் தீர்ப்பு. (அதே தீர்ப்பு நடைபாதைவாசிகளைக் கடைசியில் அகற்றவும் அனுமதித்தது என்பதை மறக்கக் கூடாது.) பட்டியல் சாதியினருக்கும் பெண்களுக்கும் வருமான வரம்பில்லாமல் இலவச வழக்கறிஞர் உண்டு, ஊட்டியில் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். சாதிச் சான்றிதழ் கிடைக்காமல் அலைகிற தாயகம் திரும்பியோர் குடும்பங்களில், பெண் பெயரில் மனுக் கொடுத்தாலே போதும்.

அந்த அம்மாவின் நோட்டீஸில் சர்வே எண் எழுத வேண்டிய இடம் காலியாக இருந்தது. பதிலை அதிலிருந்து தொடங்கியிருக்கிறோம்.