பெயருக்கு எல்லைக்கோடு வரைந்த இத்தாலி

ஒரு பயிரின் பெயரை அரசாணையால் மாற்ற முடியுமா? முடியும் என்று 2009-ஆம் ஆண்டு இத்தாலி காட்டியது. அந்நாட்டின் வடகிழக்குப் பகுதியில் விளையும் வெள்ளைத் திராட்சை வகை ஒன்று அதுவரை 'புரொசெக்கோ' என்றே அழைக்கப்பட்டது. அதிலிருந்து வடிக்கப்படும் நுரைக்கும் ஒயினுக்கும் அதே பெயர்தான். அவ்வாண்டு முதல் திராட்சைக்கு 'கிளேரா' என்ற பழைய மாற்றுப்பெயர் அதிகாரபூர்வமானது. 'புரொசெக்கோ' என்பது குறிப்பிட்ட நிலப்பரப்பின் ஒயினை மட்டுமே குறிக்கும் சொல்லாயிற்று.

பொருளியல் கற்பித்தவன் என்ற முறையில் இதைச் சொத்துரிமை மாற்றமாகவே நான் காண்கிறேன். பயிர் வகையின் பெயர் பொதுச்சொத்து. எவரும் பயிரிட்டு அப்பெயரில் விற்கலாம். புவிசார் குறியீடு பெற்ற ஊரின் பெயரோ அவ்வூர் உற்பத்தியாளர்களுக்கே உரியது.

அவ்வுரிமையைப் பெற இத்தாலிக்கு ஓர் ஊர் தேவைப்பட்டது. டிரியெஸ்தே நகரின் அருகே புரொசெக்கோ என்ற சிற்றூர் இருக்கிறது. ஆனால், இந்த ஒயினுக்குப் புகழ் தேடித் தந்தவை அங்கிருந்து ஏறத்தாழ நூறு கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள கொனெல்யானோ, வல்தொப்பியாதெனே குன்றுகள். இரண்டையும் இணைக்க 9 மாவட்டங்களை உள்ளடக்கிய பரந்த எல்லை வரையப்பட்டது. குன்றுப் பகுதிகளுக்குத் தனியே உயர்நிலைத் தகுதி வழங்கப்பட்டது.

இதனால் பயன் பெற்றவர்கள் யார்? பரந்த எல்லைக்குரிய புரொசெக்கோ இன்று ஆண்டுக்கு 60 கோடி பாட்டில்களுக்கு மேல் உற்பத்தியாகிறது. அதில் பெரும்பகுதி, இயந்திரங்கள் எளிதில் இயங்கும் சமவெளியிலிருந்து வருவது. செங்குத்தான சரிவுகளில் கையால் அறுவடை செய்யும் கொனெல்யானோ, வல்தொப்பியாதெனே குன்றுகளின் பங்கு ஏறத்தாழ 10 கோடி பாட்டில்களே. 2019-இல் யுனெஸ்கோ இக்குன்றுகளை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. ஆயினும் பல்பொருள் அங்காடியில் 'புரொசெக்கோ' என்ற சொல்லைப் பார்த்து வாங்குபவருக்குக் குன்று எது, சமவெளி எது என்ற வேறுபாடு எளிதில் புலப்படுவதில்லை.

எல்லைக்கு வெளியே நிற்பவர்களின் நிலை இன்னும் சிக்கலானது. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்துக் கிங் பள்ளத்தாக்கில், இத்தாலியிலிருந்து குடியேறிய குடும்பங்கள் 2009-க்கு முன்பே இந்தக் கொடியை நட்டன. அன்று சட்டப்படி அதன் பெயர் புரொசெக்கோ. ஐரோப்பா அப்பெயருக்குத் தனியுரிமை கோரியபோது, அது திராட்சை வகையின் பெயரே என்று 2013-இல் ஆஸ்திரேலியா மறுத்தது. 2023-இல் சிங்கப்பூர் மேல்முறையீட்டு நீதிமன்றமோ இத்தாலியர்களின் பதிவுக்கு அனுமதியளித்தது. ஒரே வினாவுக்கு இரு நாடுகளில் இரு விடைகள்!

ஷாம்பெயின் தொடக்கம் முதலே ஓர் இடத்தின் பெயர். அதற்கான பாதுகாப்பை எளிதில் ஏற்கலாம். பொதுவில் புழங்க விட்ட பயிர்ப் பெயரைப் பின்னர் திரும்பப் பெறுவது அப்படியன்று. போலிகளைத் தடுக்கும் உரிமை இத்தாலிக்கு உண்டு. ஆனால், நல்லெண்ணத்தோடு முதலீடு செய்த அயல்நாட்டு உழவர்களுக்கு நீண்ட கால அவகாசம் அளிப்பதும், குறைந்தபட்சம் அவர்களது உள்நாட்டுச் சந்தையில், நாட்டின் பெயரை முன்னிட்டு விற்க இடமளிப்பதுமே நியாயம்.

நமக்கும் இதில் பாடம் உண்டு. பாசுமதியும் அரிசி வகையின் பெயராகவும் இமயமலை அடிவாரத்தின் அடையாளமாகவும் ஒருங்கே விளங்குகிறது. 2016-இல் இந்தியா அளித்த புவிசார் குறியீட்டு எல்லைக்குள் தங்களைச் சேர்க்குமாறு மத்தியப் பிரதேசம் வழக்காடி வருகிறது. பாகிஸ்தானும் அப்பெயருக்கு உரிமை கோருகிறது. புவிசார் குறியீட்டின் எல்லைக்கோடு உழவரின் வருவாயைத் தீர்மானிக்கிறது. ஆகவே, குறியீடு கிடைத்ததைக் கொண்டாடுவதோடு நில்லாமல், அந்த எல்லை எந்த அளவுகோலால் வரையப்படுகிறது, கூடுதல் விலையில் எவ்வளவு உழவரைச் சேருகிறது என்பதையும் அரசுகள் வெளிப்படையாக அறிவிக்க வேண்டும்.