ஊர் சம்மதித்தால் போதுமா? பழங்குடியினரின் சூதாட்ட விடுதியும் அமெரிக்க உள்ளாட்சிகளும்

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் மடேரா என்றொரு மாவட்டம் இருக்கிறது. பாதாமும் திராட்சையும் விளையும் விவசாய பூமி. 2004-ம் ஆண்டில் அந்த மாவட்ட நிர்வாகம், நார்த் போர்க் மோனோ என்ற பழங்குடியினரின் அரசுடன் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது. மாவட்டத்துக்குள் பெரிய சூதாட்ட விடுதி ஒன்றை அமைக்கப் பழங்குடியினர் திட்டமிட்டிருந்தனர். அதனால் மாவட்டத்துக்கு ஏற்படும் செலவுகளை ஈடுகட்டப் பணம் தருவதாக அவர்கள் ஒப்புக்கொண்டனர். மாவட்டம் தன் ஆதரவைத் தந்தது. பின்னர் மடேரா நகரசபையும் தனியாக ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டது.

ஊரே சம்மதித்துவிட்டது, இனி என்ன தடை என்றுதான் எவரும் நினைப்பார்கள். ஆனால், 17 ஆண்டுகள் கழிந்து 2021-ம் ஆண்டிலும் இந்த விவகாரம் கோர்ட்டில் நின்றது. ஒரு வட்டாரம் தரும் சம்மதத்துக்கு என்ன மதிப்பு என்ற கேள்வி இதில் அடங்கியிருக்கிறது. அது அமெரிக்காவுக்கு மட்டும் உரிய கேள்வியும் அல்ல.

அரசுக்குள் ஓர் அரசு

செவ்விந்தியர்கள் என்று நமது பாடப் புத்தகங்கள் அழைத்த அமெரிக்கப் பழங்குடி மக்கள், அந்நாட்டுச் சட்டப்படி வெறும் சாதியாரோ சங்கத்தாரோ அல்லர். மத்திய அரசின் அங்கீகாரம் பெற்ற 570-க்கும் மேற்பட்ட பழங்குடியினர் ஒவ்வொருவரும் தமக்கெனத் தனி அரசு உடையவர்கள். அவர்களுக்காக மத்திய அரசு பொறுப்பேற்று வைத்திருக்கும் நிலத்தின் மீது மாவட்டம் சொத்து வரி விதிக்க முடியாது. எங்கே என்ன கட்டலாம் என்ற நகரசபையின் விதிகளும் அங்கே பொதுவாகச் செல்லாது.

இந்த உரிமையின் எல்லை எது என்பதே பெரிய வழக்காயிற்று. கலிபோர்னியாவின் ரிவர்சைடு மாவட்டத்தில் வாழ்ந்த கபஸான், மொராங்கோ என்ற இரு பழங்குடியினர் 1980-களில் பிங்கோ ஆட்டம் நடத்தினர். கபஸான்கள் சீட்டாட்ட விடுதியும் வைத்திருந்தனர். அவர்களின் எண்ணிக்கை சுமார் 25 பேர்தான்! மாநில அரசு தன் பிங்கோ சட்டத்தையும், மாவட்டம் தன் உள்ளூர் விதிகளையும் அவர்கள் மீது பாய்ச்ச முனைந்தன. வழக்கு அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டு வரை போயிற்று.

1987-ம் ஆண்டு பிப்ரவரி மாதம் பழங்குடியினருக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. கலிபோர்னியா அரசே லாட்டரி நடத்துகிறது; குதிரைப் பந்தயத்தில் பணம் கட்ட அனுமதிக்கிறது. ஆகவே சூதாட்டம் அங்கே அறவே தடை செய்யப்பட்ட குற்றம் அல்ல, ஒழுங்குபடுத்தப்பட்ட தொழில்தான். அத்தகைய ஒழுங்கு விதியைப் பழங்குடியினர் நிலத்தில் மாநிலமோ மாவட்டமோ திணிக்க முடியாது. இதுவே தீர்ப்பின் சாரம்.

1988-ம் ஆண்டுச் சட்டம்

தீர்ப்பு வந்த மறு ஆண்டே அமெரிக்கப் பாராளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. 1988-ம் ஆண்டு அக்டோபர் 17-ந் தேதி ஜனாதிபதி ரீகன் அதில் கையெழுத்திட்டார். காசு போட்டு ஆடும் இயந்திரங்கள் போன்ற பெரிய சூதாட்டங்களை நடத்த வேண்டுமானால், பழங்குடி அரசு மாநில அரசுடன் உடன்படிக்கை செய்துகொள்ள வேண்டும். மத்திய உள்துறை மந்திரியின் ஒப்புதலும் வேண்டும் என்று அச்சட்டம் கூறியது.

லாபத்தை எப்படிச் செலவிட வேண்டும் என்பதற்கும் சட்டம் வரம்பு கட்டியது. பழங்குடி அரசின் நிர்வாகம், மக்கள் நலன், பொருளாதார வளர்ச்சி, தர்ம காரியம், உள்ளாட்சிகளின் பணிகளுக்கு உதவி ஆகிய ஐந்துக்கு மட்டுமே அந்தப் பணம் பயன்பட வேண்டும். 2023-ம் நிதியாண்டில் நாடு முழுவதும் இந்த விடுதிகளின் வருவாய் சுமார் 4,190 கோடி டாலர். ஆயினும் எல்லாப் பழங்குடியினரும் செல்வந்தராகிவிடவில்லை. பெருநகரங்களுக்கு அருகே நிலம் வாய்த்தவர்களிடம் பணம் குவிகிறது. மலைக்காட்டில் ஒதுங்கியிருப்பவர்களுக்கு வாடிக்கையாளர் இல்லை.

இதில் ஒரு முக்கியமான விஷயத்தைக் கவனிக்க வேண்டும். உடன்படிக்கையில் கையெழுத்திடுவோர் பழங்குடியினரும் மாநிலமும் மட்டுமே. மாவட்டத்துக்கோ நகரசபைக்கோ அதில் இடம் இல்லை. 1988-க்குப் பின் சேர்க்கப்பட்ட நிலத்தில் விடுதி கட்டுவதற்குப் பொதுவாகத் தடை உண்டு. அதற்கு உள்ள விதிவிலக்குகளுள் ஒன்றின்படி, விடுதி பழங்குடியினருக்கு நன்மையானது, சுற்றுப்புறத்துக்குக் கேடற்றது என்று மத்திய மந்திரி முடிவு செய்ய வேண்டும். கவர்னரும் இசைய வேண்டும். முடிவுக்கு முன் உள்ளூர் அதிகாரிகளை மந்திரி "கலந்தாலோசிக்க" வேண்டும். ஆக, உள்ளாட்சிக்குப் பேச வாய் உண்டு. தடுக்கும் அதிகாரம் இல்லை.

கையெழுத்திடக் காரணம்

அப்படியானால் உள்ளாட்சிகள் ஏன் ஆதரவு தருகின்றன? கணக்கு எளிது. விடுதி வந்தால் சாலையில் வண்டிகள் பெருகும். போலீசும் தீயணைப்புப் படையும் கூடுதலாக வேண்டும். குடிநீர், கழிவுநீர் பிரச்சினைகள் எழும். இவற்றுக்கெல்லாம் செலவு உண்டு. ஆனால் சொத்து வரி கிடையாது. வரி விதிக்க முடியாதபோது ஒப்பந்தத்தின் மூலம் பெறுவதே வழி.

பழங்குடியினருக்கும் இதில் ஆதாயம் உண்டு. சுற்றுப்புறத்துக்குக் கேடில்லை என்று காட்டுவதற்கு, அந்தச் சுற்றுப்புறத்தின் நிர்வாகமே தரும் ஆதரவைக் காட்டிலும் நல்ல சாட்சி எது? கலிபோர்னியாவில் 2004 முதல் ஏற்பட்ட புதிய உடன்படிக்கைகள், மாவட்டத்துடன் ஒப்பந்தம் செய்ய வேண்டும், உடன்பாடு வராவிட்டால் மத்தியஸ்தரின் தீர்ப்புக்குக் கட்டுப்பட வேண்டும் என்று நிபந்தனையே விதித்தன. ஒரு காலத்தில் பழங்குடியினருடன் கோர்ட்டில் மோதிய மாவட்டங்கள், இன்று அவர்களுடன் மேஜையில் எதிரெதிரே அமர்ந்து பேசுகின்றன. மத்திய சட்டம் தராத இடத்தைப் பேரம் தந்துவிட்டது எனலாம்.

விலைக்கு வாங்கிய சம்மதமா?

"இது சம்மதம் அல்ல, விலைக்கு வாங்கிய கையெழுத்து" என்பது எதிர்ப்பாளர்களின் வாதம். சூதாட்டத்தில் தோற்கும் குடும்பம் மாவட்டத்தின் கணக்குப் புத்தகத்தில் வராது. சாலைக்குப் பணம் கிடைக்கலாம், அழிந்த சம்பளத்தை யார் திருப்பித் தருவார் என்று அவர்கள் கேட்கிறார்கள். இது புறக்கணிக்கத்தக்க கேள்வி அல்ல.

அதே கலிபோர்னியாவில் பிளிமத் என்றொரு சிற்றூர். அங்கே சூதாட்ட விடுதிக்கு ஆதரவாக நின்ற மேயரையும் இரண்டு நகரசபை உறுப்பினர்களையும், 2004-ம் ஆண்டில் வாக்காளர்கள் பதவிக்காலம் முடியுமுன்பே ஓட்டளித்துத் திருப்பி அழைத்துவிட்டனர். நகரசபையின் ஆதரவு வேறு, நகர மக்களின் ஆதரவு வேறு என்பதற்கு இது சான்று.

ஆனால் இதே சம்பவம் மற்றொன்றையும் காட்டுகிறது. தவறு செய்ததாகக் கருதிய பிரதிநிதியை ஊர் மக்களே தண்டிக்க முடிந்தது. மாநிலத் தலைநகரிலோ வாஷிங்டனிலோ முடிவெடுத்தவரை அந்தச் சிற்றூரார் என்ன செய்ய முடியும்? ஒப்பந்தம் பகிரங்கமாக நடந்து, எந்தச் செலவுக்கு எவ்வளவு என்று எழுதப்பட்டு, மீறினால் கேட்க வழியும் இருக்குமானால், அதை வெறும் லஞ்சம் என்று தள்ளிவிடுவது நியாயம் அல்ல.

மடேராவில் நடந்தது

மடேரா இந்தப் பரீட்சையில் எவ்வளவோ தேறிய ஊர். நார்த் போர்க் மக்களின் பழைய இருப்பிடம் மலைப்பகுதியில் உள்ளது. விடுதிக்குத் தேர்ந்தெடுத்த இடமோ அங்கிருந்து சுமார் 60 கிலோமீட்டர் தள்ளி, 99-ம் நெடுஞ்சாலை ஓரம். மத்திய அரசு 2011-ல் சாதகமாக முடிவு செய்தது. கவர்னர் ஜெரி பிரவுன் 2012-ல் இசைவு தந்தார். மாநில சட்டசபை 2013-ல் உடன்படிக்கையை ஏற்றது.

அங்கேதான் முட்டுக்கட்டை விழுந்தது. எதிர்ப்பாளர்கள் கையெழுத்து திரட்டி, விவகாரத்தை மாநிலம் முழுவதற்குமான ஓட்டெடுப்புக்குக் கொண்டுவந்தனர். 2014-ம் ஆண்டு நவம்பரில் ஓட்டளித்தோரில் சுமார் 61 சதவீதம் பேர் உடன்படிக்கையை நிராகரித்தனர். எதிர்ப்புப் பிரசாரத்துக்குப் பெரும்பணம் தந்தவர்களில் முதன்மையானவர்கள் யார் தெரியுமா? அதே வட்டாரத்தில் சூதாட்ட விடுதி நடத்திவந்த டேபிள் மவுண்டன் என்ற மற்றொரு பழங்குடியினர்!

எதிர்த்தவர்களிடமும் ஒரு நியாயம் இருந்தது. 2000-ம் ஆண்டில் மாநில அரசியல் சட்டத்தைத் திருத்திப் பழங்குடியினருக்கு இந்த உரிமையைத் தந்தவர்கள் மாநில வாக்காளர்களே. விடுதிகள் பழைய பழங்குடி நிலத்தோடு நிற்கும் என்று நம்பித்தான் ஓட்டளித்தோம், நெடுஞ்சாலைதோறும் வர அல்ல என்றனர். 2020-ல் கலிபோர்னியா சுப்ரீம் கோர்ட்டு, இசைவு தரக் கவர்னருக்கு அதிகாரம் உண்டு என்று தீர்ப்பளித்தது. 2021-ல் அப்பீல் கோர்ட்டு, அந்த இசைவை 2014-ம் ஆண்டு ஓட்டின் மூலம் மக்கள் ரத்து செய்துவிட்டார்கள் என்றது. இதற்கிடையே மத்திய அரசு 2016-லேயே மாநில உடன்படிக்கை இல்லாமல் விடுதி நடத்தத் தனி விதிமுறைகளை வகுத்துக் கொடுத்திருந்தது!

அந்தச் சாலையில் ஒருநாளும் போகாத லாஸ் ஏஞ்சல்ஸ்வாசியின் ஓட்டும், அந்தச் சாலை ஓரத்திலேயே குடியிருப்பவரின் ஓட்டும் ஒரே எடையாக நிறுக்கப்பட்டன. மாவட்டமும் நகரமும் பேசி முடித்த சம்மதம், போட்டியாளரின் விளம்பரப் பணத்தின் முன் எடுபடவில்லை.

நமக்கு உள்ள பாடம்

நம் நாட்டில் சூதாட்டம் மாநிலப் பட்டியலில் உள்ள விஷயம். ஆனால் "கலந்தாலோசனை" என்ற சொல் நமக்கும் பழக்கமானதே. பழங்குடிப் பகுதிகளில் நிலம் கையகப்படுத்துமுன் கிராம சபையையோ உரிய மட்டத்துப் பஞ்சாயத்தையோ கலந்தாலோசிக்க வேண்டும் என்று 1996-ம் ஆண்டின் பஞ்சாயத்து நீட்டிப்புச் சட்டம் கூறுகிறது. கேட்டுவிட்டு மறந்துவிடுவதும் கலந்தாலோசனைதான். ஒரிசாவின் நியமகிரி மலையில், 2013-ல் சுப்ரீம் கோர்ட்டின் உத்தரவின் பேரில் 12 கிராம சபைகள் கூடி, சுரங்கம் வேண்டாம் என்று ஒருமித்துச் சொன்னபோதுதான் அந்தச் சொல்லுக்கு உயிர் வந்தது.

உள்ளாட்சி "வேண்டாம்" என்று சொல்லும்போது அதை மதிக்கக் கோருகிறோம். அது "சரி" என்று சொல்லும்போதும் அதே மதிப்பைத் தருவதுதான் நேர்மை. மாநிலத்துக்கும் மத்திய அரசுக்கும் மேற்பார்வை உரிமை இருக்கட்டும். ஆனால் சுமையைச் சுமக்கப்போகிறவன், கணக்குப் பார்த்து, பகிரங்கமாகப் பேசி, கையெழுத்தும் இட்ட பிறகு, அவன் பேச்சை வெறும் அபிப்பிராயம் என்று ஒதுக்குவது ஜனநாயகம் ஆகாது.