மிஸ்திரி என்னும் ஆசிரியர்

வட இந்திய டிராக்டர் பட்டறைகளில் தலைமைத் தொழிலாளியை 'மிஸ்திரி' என்றோ 'உஸ்தாத்' என்றோ அழைப்பர். முன்னது போர்த்துகீசிய 'மெஸ்த்ரெ'யிலிருந்து வந்தது. தமிழில் 'மேஸ்திரி' என வழங்குவதும் அதுவே. பின்னது பாரசீகச் சொல். இரண்டும் மூலமொழியில் ஆசிரியரையும், ஒரு கலையில் தேர்ந்தவரையும் குறிப்பவை. 'மெஸ்த்ரெ'க்கு மூலமான இலத்தீன் 'மகிஸ்தெர்' என்பதே பல்கலைக்கழகத்தின் 'மாஸ்டர்' பட்டத்துக்கும் வேர். வேர் ஒன்றாயினும் மதிப்பு ஒன்றாக இல்லை. வேளாண் இயந்திரமயமாக்கம் குறித்த அரசின் கொள்கையிலும் மிஸ்திரிக்கு உரிய இடம் இல்லை என்பதே கவலைக்குரியது.

இந்தியாவில் 2024-25இல் ஏறத்தாழ 9 லட்சம் டிராக்டர்கள் விற்பனையாயின. 2014-15 முதல் வேளாண் இயந்திரமயமாக்கத் துணை இயக்கத்தின் வழியே கருவிகள் வாங்க மானியம் கிடைக்கிறது. எத்தனை இயந்திரங்கள் வழங்கப்பட்டன என்பதே திட்டத்தின் வெற்றிக்கு அளவுகோலாகக் காட்டப்படுகிறது. அவற்றுள் எத்தனை இன்றும் ஓடுகின்றன என்ற கேள்வி அரிதாகவே எழுகிறது.

இதன் விளைவைப் பஞ்சாபிலும் ஹரியானாவிலும் காணலாம். நெல் அறுவடைக்கும் கோதுமை விதைப்புக்கும் இடையே அங்கு ஏறக்குறைய மூன்று வாரங்களே கிடைக்கின்றன. வைக்கோலை எரிப்பதைத் தடுக்க, 2018-19 முதல் தனி விவசாயிக்கு 50 விழுக்காடும் கூட்டுறவு அமைப்புகளுக்கு 80 விழுக்காடும் மானியம் அளித்து, அண்டை மாநிலங்களையும் சேர்த்து 3 லட்சத்துக்கும் மேற்பட்ட இயந்திரங்கள் வழங்கப்பட்டுள்ளன. அவற்றுள் ஒன்றான 'ஹேப்பி சீடர்' வைக்கோலை வெட்டி விலக்கி, மண்ணில் கோதுமையை விதைத்து, வைக்கோலை அதன்மேல் மூடாக்காகப் பரப்பும். பனி ஈரம் உலர்ந்த பிறகே அது செவ்வனே இயங்கும். ஆகவே நாளொன்றில் கிடைப்பது சில மணி நேரமே. ஆண்டின் மற்ற மாதங்களில் அது சும்மா நிற்கிறது. கூரை இல்லாத இடத்தில் நின்றால் பேரிங் துருப்பிடிக்கிறது. தேய்ந்த கத்திகள் மாற்றப்படாமலே அடுத்த பருவம் வந்துவிடுகிறது. வேலை நடுவே இயந்திரம் நின்று, உதிரி பாகம் வர நான்கு நாள் ஆகுமெனில், விவசாயிக்கு எஞ்சும் எளிய வழி தீக்குச்சிதான். பின்னர் எழும் புகைக்கு அவர்மீதே வழக்கும் அபராதமும் பாய்கின்றன. பழுதுபார்க்கும் ஏற்பாடு இல்லாமல் இயந்திரத்தைக் கொடுத்தவர்களை எவரும் கேட்பதில்லை.

பழுதுபார்க்கும் உரிமை குறித்து ஒன்றிய அரசு 2022 ஜூலையில் குழு அமைத்தபோது, தேர்ந்தெடுத்த நான்கு துறைகளுள் வேளாண் கருவிகளும் ஒன்று. அவ்வாண்டு டிசம்பரில் தொடங்கிய இணையதளம் தகவல் தருகிறது. ஆனால் தகவல் தளம் சட்ட உரிமை ஆகாது. அடுத்து 2024இல் பழுதுபார்ப்புக் குறியீட்டுக்கென அமைக்கப்பட்ட குழு, கைப்பேசி, மின்னணுப் பொருட்களையே எடுத்துக்கொண்டது. கைப்பேசி பழுதானால் மறுநாள் சரிசெய்யலாம். விதைப்புக் காலம் மறுநாள்வரை காத்திராது.

பயிற்சியற்றவர் இயந்திரத்தில் கை வைப்பது ஆபத்து என்பது உற்பத்தியாளர் தரப்பின் வாதம். அதில் உண்மை உண்டு. கதிரடிக்கும் இயந்திரங்களில் கை இழந்தோர் பெருகியதன் விளைவாகவே 1983இல் ஆபத்தான இயந்திரங்கள் (ஒழுங்குமுறை) சட்டம் வந்தது. சுழலும் தண்டின் காப்புறையைக் கழற்றிவிட்டு ஓட்டும் வழக்கம் இன்றும் உயிரைப் பறிக்கிறது. ஆயின் இந்த ஆபத்துக்கு மருந்து, அறிவைப் பரப்புவதே. வரைபடத்தையும் பாகங்களின் பட்டியலையும் பூட்டி வைத்துவிட்டு, கிராமத்துப் பட்டறைக்குப் பயிற்சி இல்லை என்று குறைகூறுவது நேர்மையன்று.

செய்யத்தக்கவை மூன்று. மானியம் பெறும் ஒவ்வொரு இயந்திரத்துக்கும் மாநில மொழியில் பழுதுபார்ப்புக் கையேடும், வெளிப்படையான விலையில் உதிரி பாகங்களும் கட்டாயமாக வேண்டும். மானியத்தில் ஒரு பகுதியைப் பராமரிப்புக்கும் கொட்டகைக்கும் ஒதுக்க வேண்டும். புத்னி, ஹிசார், கார்லதின்னெ, விஸ்வநாத் சாரியாலி ஆகிய இடங்களில் இயங்கும் ஒன்றிய அரசின் நான்கு வேளாண் இயந்திரப் பயிற்சி, சோதனை நிறுவனங்களிலும் தொழிற்பயிற்சி நிலையங்களிலும், தேர்ந்த மிஸ்திரிகளை ஊதியம் பெறும் பயிற்றுநர்களாக அமர்த்த வேண்டும்.

கையேட்டுப் பணியில் மொழியியலாளர்க்கும் பங்குண்டு. இந்தி, பஞ்சாபிப் பட்டறைகளில் கப்பியையும் பற்சக்கரத்தையும் 'கராரி' என்பர். மொழிபெயர்ப்பாளர் அகராதியிலிருந்து புழக்கத்தில் இல்லாத சொல்லொன்றை எடுத்தாண்டால், கையேடு மாநில மொழியில் இருந்தும் பட்டறைக்குப் பயன்படாது. வட்டாரந்தோறும் பட்டறைச் சொற்களைத் தொகுத்து, கையேட்டுக்கு அடிப்படையாகத் தருவது ஆய்வு மாணவர்களால் இயலும் பணி. வேளாண் கலைச்சொற்களைத் தொகுக்கும் முயற்சிகள் பயிர், மண், சடங்கு என்பவற்றோடு நின்றுவிடாமல் பட்டறைக்கும் செல்ல வேண்டும். அங்கே தகவலாளராக மட்டும் குறிக்கப்படும் மிஸ்திரியின் பெயர், அவர் ஒப்பினால், தொகுப்பாசிரியர் வரிசையில் இடம்பெறட்டும்.