வழிச்செலவு யார் கணக்கில்?

ராமேஸ்வரம் போகிற ரயிலில், பாம்பன் பாலத்துக்கு முன்னால், மண்டபம் கேம்ப் என்று ஒரு ஸ்டேஷன் வரும். ஊர்ப் பெயரிலேயே 'கேம்ப்' ஒட்டிக்கொண்டிருக்கிறது. கோயிலுக்குப் போகிற கூட்டம் இதைக் கவனிப்பதில்லை. நாம் கவனித்தாக வேண்டும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலங்கை அரசாங்கம் அந்த முகாமை நடத்தியது. தோட்டத்துக்குக் கூலிகளாகப் போகிறவர்களை அங்கே அடைத்து வைத்து, காலரா, அம்மை இருக்கிறதா என்று பார்த்துத்தான் கப்பலேற்றினார்கள். 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு அதே கூலிகளின் பேரன் பேத்திகள் திரும்பி வந்து இறங்கியதும் அங்கேதான். 1983க்குப் பிறகு போருக்குத் தப்பி வந்தவர்களுக்கும் அதே முகாம். 2022 மார்ச்சில் இலங்கையில் அரிசியும் பெட்ரோலும் கிடைக்காமல் படகேறித் தனுஷ்கோடி மணல்திட்டில் இறங்கியவர்களையும் அங்கேதான் கொண்டுபோய் வைத்தார்கள். நூறு வருசத்துக்கு மேலாக ஒரே வாசல்.

இந்த வாசல் வழியாகப் போகவர ஆன செலவு யார் கணக்கில் எழுதப்பட்டது? இந்த இதழில் நாங்கள் கேட்பது இந்த ஒரு கேள்வியைத்தான்.

போனபோது என்ன நடந்தது என்பதிலிருந்து தொடங்குவோம். கங்காணி சேரிக்கு வருவான். பஞ்சம், பண்ணையார் கடன், சாதிக் கொடுமை எல்லாம் அவனுக்கு முன்பே வந்து வேலையை முடித்து வைத்திருக்கும். முன்பணம் கொடுப்பான். வழிச்செலவு, சாப்பாடு, துணி, கப்பல் கூலி எல்லாவற்றையும் தோட்டத்தில் போய் இறங்குவதற்குள் கூலியின் தலையில் கடனாக எழுதிவிடுவான். அந்தக் கடன் எவ்வளவு என்று எழுதிய சீட்டுக்குத் 'துண்டு' என்று பெயர். கடனை அடைக்கத் தயாராயிருக்கும் துரையின் தோட்டத்துக்குத்தான் ஆட்கள் மாற முடியும். அதாவது கடனோடு சேர்த்து ஆளையும் கைமாற்றினார்கள். 1921ல்தான் துண்டு முறையைச் சட்டப்படி ஒழித்தார்கள். மலையைத் திருத்தித் தேயிலைச் செடி வைத்தவன், அதற்காகத் தான் நடந்து வந்த வழிக்கும் தானே காசு கட்டினான். இப்படிப் போனவர்களில் பெரும்பகுதி பறையர், பள்ளர், சக்கிலியர். ஆட்களைக் கட்டி மேய்த்த பெரிய கங்காணிகளில் பெரும்பாலோர் யார் என்பதை நாம் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

சரி, திரும்பி வந்தபோது? 1948ல் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் இவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபர் 30ல் சிறிமாவோவும் சாஸ்திரியும் உட்கார்ந்து 9,75,000 பேரைப் பங்கு போட்டார்கள். இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000. மீதி ஒண்ணரை லட்சத்தை 1974ல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். ஆடுமாட்டைப் பிரிக்கும்போதுகூட எது எந்தத் தொழுவத்துக்குப் பழகியது என்று பார்ப்பார்கள். அந்த ஒப்பந்தத்தில் ஒரு வாசகம் இருக்கிறது. போகிறவர்கள் தங்கள் சொத்தையும் சேமலாப நிதியையும் (இங்கே பி.எஃப். என்கிறோம்) பணிக்கொடையையும் எடுத்துப் போகலாம், ஒரு குடும்பம் கொண்டுபோகக்கூடிய தொகைக்கு வைக்கும் உச்சவரம்பை 4,000 ரூபாய்க்குக் கீழே இறக்கமாட்டோம் என்று இலங்கை வாக்குக் கொடுத்தது. மூன்று தலைமுறை உழைப்புக்குச் சுங்கச் சாவடியில் போட்ட கணக்கு அது! மறுவாழ்வு என்று இவர்கள் கையில் இருந்த முதல் காசு, இரண்டு அரசாங்கமும் போட்ட காசு அல்ல. இவர்களே வியர்வையில் சேர்த்த பி.எஃப். காசு.

மலையகத்திலிருந்து தலைமன்னார் போன ரயிலை அங்குள்ள ஜனங்கள் அழுகைக் கோச்சி என்று சொன்னார்கள். கோச்சி என்றால் அவர்கள் பேச்சில் ரயில். அங்கிருந்து கப்பலில் ராமேஸ்வரம். பிறந்த குழந்தைகளையும் சேர்த்து நாலரை லட்சம் பேருக்கு மேல் வந்து சேர்ந்தார்கள். வந்தவர்களுக்கு அரசு வைத்த பெயர் 'தாயகம் திரும்பியோர்'. எந்தத் தாயகம்? தாத்தன் பஞ்சத்துக்கும் சவுக்கடிக்கும் தப்பி ஓடிய அதே சேரி.

மறுவாழ்வுத் திட்டம் என்று பல இருந்தன. 1968ல் நீலகிரியில் அரசு தேயிலைத் தோட்டம் (இன்றைய டான்டீ), கூட்டுறவு நூற்பாலை, விவசாயக் குடியேற்றம். இவற்றில் இடம் கிடைத்தவர்கள் கொஞ்சம். ரொம்பப் பேருக்கு நீட்டியது வியாபாரக் கடன். ஒரு கட்டத்தில் அது 5,000 ரூபாய். தோழர்களே, இந்த ஐயாயிரத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். கொழுந்து பறித்த கைக்கு, கவ்வாத்து வெட்டிய கைக்குக் கடை வைக்கக் கடன். எங்கே கடை? பாட்டன் பேர் தெரிந்த ஏதோ ஒரு கிராமத்தில். அந்தக் கிராமத்தின் டீக்கடையில் இவனுக்குத் தனிக் கிளாஸ். இவன் கடை போட்டால் ஊர்க்காரன் வந்து டீ குடிப்பானா? இவன் விற்ற எண்ணெயை வாங்கிச் சமைப்பானா? சேரிக்குள்ளே கடை என்றால் அங்கே வாங்குகிறவன் கையிலும் காசில்லை. கடன் சொல்லித்தான் வாங்குவான். டெல்லியில் திட்டம் எழுதிய அதிகாரிக்கு இதெல்லாம் தெரியாது. இங்கே பணத்தை எண்ணிக் கொடுத்த தாசில்தாருக்கு நன்றாகத் தெரியும். புரோக்கர் கமிஷன் போக மிச்சம் வந்த காசு தின்றே தீர்ந்தது. கடன் மட்டும் பேரில் நின்றது.

பிறகு என்ன ஆச்சு? ஜனங்கள் மலையேறினார்கள். கூடலூர், பந்தலூர், கோத்தகிரி, கொடைக்கானல் என்று. தெரிந்த தொழில் அங்கேதானே இருக்கிறது. கொடைக்கானல் மலையில் மரம் வெட்டும் காண்ட்ராக்டர்களிடம் முன்பணம் வாங்கிக் கொத்தடிமைகளாகச் சிக்கிக் கிடந்தவர்களில் இவர்களும் இருந்தார்கள் என்பது 1980களில் வெளியே வந்தது. மறுபடியும் முன்பணம்! கங்காணியின் துண்டு தாத்தனோடு முடிந்தது என்று யார் சொன்னது?

இவர்களுக்காகவே 1969ல் மத்திய அரசும் தென்மாநில அரசுகளும் பங்கு போட்டு ரெப்கோ வங்கி என்ற கூட்டுறவு வங்கியைத் தொடங்கின. இன்று அது பட்டணத்துக் கடைவீதியில் நகைக்கடன், வீட்டுக்கடன் போர்டு மாட்டி நிற்கிறது. அடகு வைக்க நகை இருப்பவர்கள் போகலாம்.

இது ஏதோ நிர்வாகக் கோளாறு என்று நினைக்கிற மாணவத் தோழர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இழந்த சொத்துக்குத்தான் அரசு நஷ்டஈடு கொடுக்கும். இழப்பதற்குச் சொத்தே இல்லாமல் வைக்கப்பட்டவனுக்குக் கடன்தான். 1947ல் மேற்குப் பஞ்சாபிலிருந்து வந்தவர்களுக்கு விட்டுவந்த நிலத்தின் கணக்குப்படி இங்கே நிலம் ஒதுக்கினார்கள். 1954ல் நஷ்டஈட்டுக்குத் தனிச் சட்டமே போட்டார்கள். அங்கே அடுத்தவன் நிலத்தில் உழைத்த தலித் எந்தப் பட்டாவைக் காட்டுவான்? 1947 டிசம்பரிலேயே பாபாசாகேப் அம்பேத்கர் நேருவுக்குக் கடிதம் எழுதினார். பாகிஸ்தானில் சிக்கிய தாழ்த்தப்பட்ட மக்களை, மலம் அள்ளவும் கூட்டவும் ஆள் வேண்டும் என்பதற்காக வெளியேறவிடாமல் தடுக்கிறார்கள். தப்பி வந்தவர்களுக்கும் இங்கே நிவாரணம் போய்ச் சேரவில்லை என்று சுட்டிக்காட்டினார். அமைச்சரவையில் இருந்துகொண்டே கடிதம் எழுத வேண்டியிருந்தது.

கிழக்கு வங்கத்திலிருந்து வந்த நாமசூத்திரர்களுக்கு அந்த நஷ்டஈட்டுச் சட்டமும் இல்லை. கைச்செலவுக் காசு, கடன், கடைசியில் தண்டகாரண்யத்துக் காடு. அங்கே தாங்கமுடியாமல் 1978ல் சுந்தரவனத்தின் மரிச்ஜாப்பி தீவுக்குப் போனார்கள். அரசிடம் காசு கேட்கவில்லை. தாங்களே குடிசை போட்டார்கள், பள்ளிக்கூடம் வைத்தார்கள். 1979 ஜனவரியில் இடது முன்னணி அரசு தீவைச் சுற்றி வளைத்துச் சோறு தண்ணீரைத் தடுத்தது. மே மாதம் போலீஸ் குடிசைகளைக் கொளுத்தி விரட்டியது. செத்தவர் எத்தனை பேர் என்பதில் இன்றுவரை ஒத்த கணக்கு கிடையாது. உதவி வாங்கினால் கடன்காரன், வாங்காமல் நின்றால் ஆக்கிரமிப்பாளன்.

பணக்கார நாடுகளில் மட்டும் வேறு நியாயம் என்று நினைக்க வேண்டாம். அமெரிக்கா தேர்ந்தெடுத்துக் கூட்டிப்போன அகதிகள், விமானமேறும் முன் டிக்கெட் காசைத் திருப்பித் தருவதாகப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டார்கள். வட்டி இல்லை, ஆனால் போய் இறங்கிச் சில மாதத்தில் தவணை தொடங்கிவிடும். கனடாவிலும் பயணக்கடன்தான், 2018ல்தான் வட்டியை எடுத்தார்கள். ரொம்ப நொந்தவர்கள் என்று அதிகாரி ஒப்புக்கொண்டால் கடன் இல்லாமலும் உண்டு. நொந்ததை அளக்கும் கோல் யார் கையில் இருக்கிறது என்பதுதான் விஷயம்.

இன்றைய நிலவரத்துக்கு வருவோம். 2021ல் தமிழக அரசு இலங்கைத் தமிழர் முகாம்களை 'மறுவாழ்வு முகாம்' என்று பெயர் மாற்றி, 317 கோடி ரூபாய்த் திட்டம் அறிவித்தது. குடும்பத் தலைவருக்கு மாதம் 1,500, பெரியவர்களுக்கு 1,000, குழந்தைகளுக்கு 500 என்று உதவித்தொகையைக் கூட்டியது. புது வீடுகளும் கட்டத் தொடங்கியது. இது கடன் அல்ல, உதவி. அதை மறைக்க நமக்கு அவசியமில்லை. ஆனால் அந்த முகாம்களில் இருப்பவர்களில் மலையக வம்சாவளியினர் ஆயிரக்கணக்கில் உண்டு. ஒப்பந்தப்படி இந்தியக் குடியுரிமைக்கு உரியவர்கள், கலவரத்தில் ஓடி வந்ததால் 'அகதி' ஆனவர்கள். 2019 ஜூனில் மதுரை உயர்நீதிமன்றக் கிளை, இவர்களில் சிலர் போட்ட வழக்கில், குடியுரிமைக்கு விண்ணப்பித்தால் பரிசீலிக்கச் சொன்னது. அதே வருசம் டிசம்பரில் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் இலங்கை என்ற பெயரே இல்லை. ஈழம் என்று மேடைக்கு மேடை முழங்கிய நம்மூர்த் தமிழினக் காவலர்களும் இந்த ஜனங்களைத் தனியாக எடுத்துப் பேசியது அபூர்வம். லயத்தில் இருந்தவன் இவர்கள் வரைந்த தமிழன் படத்துக்குள் அடங்குவதில்லை போலும்.

குடியுரிமையோடு வந்தவர்களும் நிம்மதியாக இல்லை. 2022 அக்டோபரில் டான்டீ நிலத்தில் 2,152 ஹெக்டேரை வனத்துறைக்குத் திருப்பிக் கொடுக்க அரசாணை போட்டார்கள். ஐம்பது வருசம் கொழுந்து பறித்த குடும்பம், வேலை போனால் குடியிருப்பும் போகுமே என்று தவித்தது. கூடலூர்ப் பக்கம் பட்டா இல்லாத வீடுகள். பிள்ளை கல்லூரிக்குப் போக சாதிச் சான்றிதழ் கேட்டால், 'நீ சிலோன்காரன், உன் பூர்வீகத்துக்கு என்ன ஆதாரம்?' என்கிற கேள்வி. சேரியிலிருந்து கூட்டிப்போனபோது சாதி தெரிந்தது. லயத்தில் தெரிந்தது. திரும்பி வந்து டீக்கடையில் தனிக் கிளாஸ் கொடுத்தவனுக்கும் தெரிந்தது. ஸ்காலர்ஷிப் என்று வரும்போது மட்டும் தெரியவில்லையாம்!

நாங்கள் கேட்பது இரக்கம் அல்ல, கணக்கு. அந்தக் கடன் தொகைகளைக் கடன் என்று எழுதியதே தப்பு என்று அரசு ஒப்புக்கொள்ள வேண்டும். குடியிருக்கும் இடத்துக்குப் பட்டா வேண்டும். கண்டியில் இந்தியத் தூதரகம் கொடுத்த குடும்ப அட்டையைப் பூர்வீக ஆதாரமாக ஏற்றுச் சாதிச் சான்றிதழ் கொடுக்க வேண்டும்.

இதற்கு முதல் வேலையாக வாசகத் தோழர்களிடம் ஒன்று கேட்கிறோம். உங்கள் வீட்டிலோ பக்கத்து லயத்திலோ டிரங்குப் பெட்டிக்கு அடியில் பழைய குடும்ப அட்டை, கப்பல் சீட்டு, பி.எஃப். கணக்குத் தாள், வியாபாரக் கடன் பத்திரம் எது கிடந்தாலும் ஜெராக்ஸ் எடுத்து அனுப்புங்கள். மூலத்தை யாரிடமும் கொடுத்துவிடாதீர்கள், எங்களிடமும்கூட. சான்றிதழ் மறுத்த தாலுகா எது, தேதி என்ன, சொன்ன காரணம் என்ன என்பதையும் ஒரு தாளில் எழுதிச் சேர்த்து அனுப்புங்கள்.

ஆசிரியர் குழு