கேட்பது வயது, கொடுப்பது எதை?

சிறார்களைப் பாதுகாக்க வேண்டுமா என்று கேட்டால், ஆம் என்று சொல்ல நமக்கு ஒரு கணமும் தேவையில்லை. சிறியோருக்கு இடறலாக இருப்போரைக் குறித்து ஆண்டவர் உரைத்த கடுமொழியை நாம் மறந்தோமில்லை. ஆபாசத்தைக் குழந்தையின் கையில் கொண்டு சேர்க்கும் வாணிகத்துக்கு வேலி வேண்டும். ஆனால், வேலி போடுகிறேன் என்று வருபவனிடம் வீட்டுச் சாவியைக் கொடுக்க வேண்டுமா? இதுவே நம் வினா.

பிரிட்டனில், 2023ஆம் ஆண்டின் இணையப் பாதுகாப்புச் சட்டப்படி, ஆபாசத் தளங்கள் வருவோரின் வயதை உறுதிசெய்தாக வேண்டும் என்னும் கட்டாயம் 2025 ஜூலை 25 அன்று நடைமுறைக்கு வந்தது. அடையாள ஆவணத்தின் படத்தை அனுப்புவதும் அதற்கான வழிகளுள் ஒன்று. அதே ஆண்டு அக்டோபரில், டிஸ்கார்ட் என்னும் உரையாடல் தளம் ஒரு செய்தியை வெளியிட்டது. அதன் வாடிக்கையாளர் சேவையை ஏற்றிருந்த வெளிநிறுவனத்தின் வழியே நேர்ந்த ஊடுருவலில், உலகெங்கும் சுமார் 70,000 பேரின் அடையாள ஆவணப் படங்கள் வெளிப்பட்டிருக்கலாம் என்பதே அது. வயது பற்றிய முறையீட்டுக்காக மக்கள் நம்பிக் கொடுத்த ஆவணங்கள் அவை. கடவுச்சொல் களவுபோனால் மாற்றிக்கொள்ளலாம்; பிறந்த நாளையும் முகத்தையும் எங்கே போய் மாற்றுவது?

"குற்றமற்றவனுக்கு மறைக்க என்ன இருக்கிறது?" என்பர் சிலர். ஒப்புரவு அருட்சாதனத்தின் இரகசியத்தை உயிரினும் மேலாகக் காக்கும் திருச்சபையின் மக்கள் இவ்வாறு கேட்கலாகாது. அங்கே பாவிக்கும் அந்தரங்கம் உண்டு. 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் மனித உரிமைகளுள் ஒன்றாக அதனை எண்ணியது. 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பும் 220ஆம் எண்ணில் அதனைக் காக்கிறது.

நம் பங்கு அலுவலகத்தையே பாருங்கள். திருமுழுக்குச் சான்று கேட்பவரிடம் எவரேனும் பதிவேட்டையே தூக்கிக் கொடுப்பதுண்டா? தேவையான வரிகள் மட்டும் சான்றாக எழுதித் தரப்படும். ஏடு பெட்டகத்துக்குத் திரும்பும். பதினெட்டு வயது நிறைந்ததா என்னும் கேள்விக்கும் ஆம், இல்லை என்னும் ஒரு சொல்லே போதுமான விடை. பெயரும் முகவரியும் நிழற்படமும் எதற்கு?

இது தொலைதேசத்துக் கதையன்று. நம் நாட்டின் 2023ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டம், பதினெட்டு வயதுக்குட்பட்டோரின் தரவுகளைக் கையாளப் பெற்றோரின் உறுதிசெய்யத்தக்க இசைவைக் கோருகிறது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. ஆவணத்தைக் காட்டாமல், அங்கீகாரம் பெற்ற அமைப்பு வழங்கும் சான்றுக் குறியீட்டை மட்டும் அளிக்கவும் அவ்விதிகளில் இடமுண்டு. அவ்வழியையே நாம் வற்புறுத்த வேண்டும், ஆவண நகல் கேட்கும் நிறுவனத்திடம், "எதற்கு? எத்தனை நாள் வைத்திருப்பீர்?" என்று துணிந்து கேட்க வேண்டும்.

ஒன்றை மட்டும் எந்தச் சட்டமும் நமக்காகச் செய்யாது. இரவில் பிள்ளையின் அருகமர்ந்து, அவன் எதைப் பார்க்கிறான் என அன்போடு கேட்பது பெற்றோரின் பணி. அதனைச் செய்யாமல் அடையாள அட்டையை நீட்டிவிட்டுக் கடமை முடிந்ததென்று இருப்போமாயின், பிள்ளையையும் காத்தவராகோம், நம்மையும் காத்தவராகோம்.